பிரெய்ல் டிஸ்பிளே இணைப்பு அறுந்தால்: பழுது எங்கே, பொறுப்பு யாருடையது

கணினித் திரையில் உள்ள எழுத்தை விரலால் தொட்டு வாசிக்கும் புள்ளிகளாக எழுப்பித் தரும் கருவி பிரெய்ல் டிஸ்பிளே. வரிசையாக அமைந்த சிறு கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் பெரும்பாலும் எட்டுப் புள்ளிகள். கட்டங்களின் எண்ணிக்கை 14, 20, 40, 80 எனக் கருவிக்குக் கருவி மாறும். பல கருவிகளில், மின்னழுத்தம் பட்டதும் வளையும் பீசோ பட்டை ஒன்றுதான் ஒவ்வொரு புள்ளியையும் மேலே தள்ளுகிறது. பட்டை வளைய ஏறத்தாழ 200 வோல்ட் தேவை. அதைக் கருவியே உள்ளுக்குள் உண்டாக்கிக்கொள்கிறது. மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் விரலுக்கு ஆபத்தில்லை. கருவியின் விலையை ஏற்றுவதும் இந்தக் கட்டங்கள்தான்.

சென்னையின் மேற்குப் புறநகருக்குப் பிரெய்ல் புதிதல்ல. பூந்தமல்லி டிரங்க் சாலையில் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசு நிறுவனம் அது. பார்வையற்றோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளியும் பூந்தமல்லியில்தான். 2019இல் டெல்லி ஐஐடி அறிமுகப்படுத்திய டாட்புக் என்ற பிரெய்ல் மடிக்கணினியை உருவாக்கிய கூட்டணியில் சென்னையின் ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனமும் உண்டு. ஆனால் கருவி ஒருவர் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு, ஒரு நாள் காலையில் அது கணினியோடு பேச மறுத்தால் யாரிடம் கேட்பது என்பதற்குத் தெளிவான வழிகாட்டுதல் அரிதாகத்தான் கிடைக்கிறது. தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்காரர் இப்படியொரு கருவியைப் பார்த்தே இருக்கமாட்டார்.

கணினிக்கும் விரலுக்கும் இடையில் நான்கு கண்ணிகள்: கருவி, கேபிள் அல்லது புளூடூத், விண்டோஸில் உள்ள டிரைவர், திரையிலுள்ளதைப் பேச்சாகவும் பிரெய்லாகவும் மாற்றித் தரும் திரைவாசிப்பான் என்ற மென்பொருள். எது அறுந்தாலும் விரலுக்குத் தெரிவது ஒன்றுதான்: தட்டையான, வெறுமையான ஒரு வரி. அதனால்தான் கேபிள் கோளாறுகூடக் கருவி செத்துப்போனதாகத் தோன்றுகிறது. கருவியைக் கூரியரில் அனுப்புவதற்கு முன் இந்த நான்கையும் ஒழுங்காகப் பிரித்துப் பார்ப்பது பணத்தையும் மிச்சப்படுத்தும், பின்னால் புகார் கொடுக்க நேர்ந்தால் ஆதாரமாகவும் நிற்கும்.

முதல் கேள்வி, கருவிக்கு உயிர் இருக்கிறதா என்பது. கணினியிலிருந்து பிரித்துவிட்டு, ஒரு மணி நேரம் சார்ஜ் ஏற்றி, தனியாக இயக்க வேண்டும். பெரும்பாலான கருவிகள் இயங்கத் தொடங்கும்போது பெயரையோ, பேட்டரி நிலையையோ, இணைப்புக்குக் காத்திருப்பதையோ சில புள்ளிகளில் காட்டும். அது தெரிந்தால் கட்டங்களும் உள்சுற்றும் வேலை செய்கின்றன, பழுது பெரும்பாலும் வெளியே. ஒன்றுமே எழவில்லை, வேறு சார்ஜர் போட்டும் பயனில்லை என்றால்தான் கருவியைச் சந்தேகிக்க வேண்டும். ஓரிரு புள்ளிகள் மட்டும் எழாமல் நிற்பது வேறு வகைக் குறை. விரலின் எண்ணெய்ப் பசையும் தூசியும் கட்டத்துக்குள் இறங்குவதால் வருவது அது. சாப்பிட்ட கையோடு தொடக்கூடாது என்ற சாதாரணப் பழக்கம் இங்கே பல ஆயிரம் ரூபாயைக் காப்பாற்றும். ஈரம் இன்னும் மோசம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வீட்டுக்குள் தண்ணீர் பார்த்த அம்பத்தூர், கொரட்டூர்வாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நனைந்த கருவியைக் காய்வதற்குள் சார்ஜில் போடாமல் இருப்பதே முதல் சிகிச்சை.

அடுத்தது கேபிள். கைபேசிக்கு வரும் மலிவான கேபிள்கள் பல, மின்சாரத்தை மட்டும் கடத்தும். தகவலைக் கடத்தும் கம்பி உள்ளே இராது. அதைச் செருகினால் கருவி சார்ஜ் ஆகும், கணினி கண்டுகொள்ளாது. கருவியோடு வந்த கேபிளைத் தனியாக அடையாளமிட்டு, ஒரு ரப்பர் வளையம் போட்டாவது, வைத்திருப்பது நல்லது. யூஎஸ்பி ஹப் வழியாகச் செருகாமல் கணினியிலேயே நேராகச் செருகிப் பார்க்க வேண்டும். செருகியதும் விண்டோஸ் எழுப்பும் சிறு ஒலி முக்கியமான தடயம். ஒலி வந்தால் கணினிக்கு ஏதோ ஒன்று இணைந்தது தெரிகிறது, சிக்கல் மென்பொருளில். ஒலி வராவிட்டால் கேபிள், போர்ட், கருவி என்ற மூன்றில் ஒன்று. மடிக்கணினி சற்று நேரம் உறங்கி எழுந்த பிறகு மட்டும் இணைப்பு போகிறதென்றால் மின்சிக்கன ஏற்பாடே காரணமாக இருக்கக்கூடும்: பயன்பாட்டில் இல்லாத யூஎஸ்பி போர்ட்டுக்கு விண்டோஸ் மின்சாரத்தை நிறுத்திவிடும். டிவைஸ் மேனேஜரில் அந்த போர்ட்டின் மின் மேலாண்மைப் பக்கத்தில் அந்தத் தேர்வை எடுத்துவிடலாம்.

புளூடூத் இணைப்பில் வீட்டுக் கைபேசிதான் வழக்கமான குற்றவாளி. ஒரே கருவியைக் கைபேசியோடும் கணினியோடும் ஜோடி சேர்த்திருந்தால், கருவி இயங்கத் தொடங்கியதும் முதலில் கண்ட கைபேசி அதைப் பிடித்துக்கொள்ளும். கைபேசியின் புளூடூத்தை அணைத்துவிட்டு முயல்வதே சோதனை. அதிலும் தீராவிட்டால் ஜோடியைக் கணினியிலும் கருவியிலும், இரண்டு பக்கமும், அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழித்தால் பழைய சாவியும் புதிய சாவியும் பொருந்தாமல், இணைந்ததுபோல் காட்டி உடனே அறுந்துவிடும். இந்தச் சரிசெய்தல் நடக்கும்வரை கேபிளிலேயே வேலை பார்ப்பது நல்லது. புளூடூத் வசதிதான், அடித்தளம் கேபிளே.

மூன்றாவது கண்ணியான டிரைவரில்தான் ஆட்கள் அதிகம் திணறுகிறார்கள். காரணம் வரலாற்றில் இருக்கிறது. நெடுங்காலம் ஒவ்வொரு நிறுவனமும் தன் கருவி கணினியோடு பேசத் தனி முறையை வைத்திருந்தது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனி டிரைவர். 2018இல்தான் எல்லாருக்கும் பொதுவான எச்ஐடி பிரெய்ல் தரம் வந்தது. அதைப் பின்பற்றும் புதிய கருவிகளுக்குத் தனி டிரைவர் தேவையில்லை. பழைய கருவிகளுக்குத் தேவை. சில கருவிகளில் எந்த முறையில் பேசுவது என்பதைக் கருவியின் மெனுவிலேயே மாற்றலாம். ஆர்பிட் ரீடர் 20 அப்படிப்பட்டது. யாரோ தவறுதலாக அந்த முறையை மாற்றிவிட்டால் கணினி அதைப் பென்டிரைவ் போல மட்டும் கண்டுகொள்ளும், பிரெய்ல் வராது.

விண்டோஸ் 10இல் இன்னொரு பொறி இருந்தது. விண்டோஸோடு வரும் நரேட்டர் என்ற திரைவாசிப்பானின் பிரெய்ல் வசதியை நிறுவினால், அது நிறுவனத்தின் டிரைவரை நீக்கிவிட்டுத் தன் சொந்த டிரைவரை அந்த இடத்தில் வைத்துவிடும். பிறகு என்விடிஏ, ஜாஸ் போன்ற மற்றத் திரைவாசிப்பான்கள் கருவியைக் காணா. டிவைஸ் மேனேஜரில் கருவியைத் தேர்ந்து, ஏற்கெனவே கணினியில் உள்ள டிரைவர் பட்டியலிலிருந்து நிறுவனத்தின் டிரைவரைத் திரும்பத் தேர்ந்தால் சரியாகும். விண்டோஸ் 11இன் பிந்தைய பதிப்புகளில் இந்த மோதல் பெருமளவு தீர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் இப்பகுதி வீடுகளில் 2011 முதல் தமிழக அரசு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் விண்டோஸ் 7 இருந்தால் என்விடிஏவின் 2023.3 வரிசைக்கு மேற்பட்ட பதிப்புகள் ஏறாது. விண்டோஸ் 10க்கும் மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. புதிய கருவியைப் பழைய கணினிக்கு வாங்கும்போது இந்தப் பொருத்தத்தை விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குவது பின்னாளில் கைகொடுக்கும்.

கடைசிக் கண்ணி திரைவாசிப்பான். இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏவில் இன்சர்ட், கண்ட்ரோல், ஏ ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பிரெய்ல் டிஸ்பிளேயைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி நேரே திறக்கும். அதில் ‘பிரெய்ல் இல்லை’ என்ற தேர்வில் நின்றுவிட்டிருந்தால் எத்தனை முறை கேபிளைச் செருகியும் பயனில்லை. 2018 முதல் என்விடிஏ பல கருவிகளைத் தானாகவே கண்டுபிடிக்கும். அந்தத் தானியங்கித் தேர்வு எல்லாக் கருவிகளுக்கும் உதவாது, சிலவற்றைப் பட்டியலில் பெயர் சொல்லித்தான் தேர வேண்டும். அங்கே கருவியின் சொந்தப் பெயர் இல்லாமல் வேறொரு நிறுவனத்தின் பெயர் இருப்பதும் உண்டு. ஆர்பிட் ரீடர், பாம் என்ற ஜெர்மன் நிறுவனக் கருவிகளுக்கான தேர்விலேயே அடங்கும். என்விடிஏவும் ஜாஸும் ஒரே நேரத்தில் ஓடினால் முதலில் பிடித்தது விடாது. ஒன்றை முழுதாக மூடிவிட்டு, என்விடிஏவைக் கண்ட்ரோல், ஆல்ட், என் சேர்த்து அழுத்தி மறுபடி தொடங்கிப் பார்க்கலாம்.

இணைப்புக் கோளாறுபோலத் தோன்றும் ஆனால் இணைப்புக் கோளாறே அல்லாதவை மூன்று. புள்ளிகள் எழுகின்றன, ஆனால் வாசித்தால் பொருளில்லை என்றால் பிரெய்ல் அட்டவணை மாறியிருக்கிறது; தமிழ் உரைக்கு ஆங்கிலச் சுருக்கெழுத்து அட்டவணை இருந்தால் அப்படித்தான் வரும். புள்ளிகள் ஒரே இடத்தில் உறைந்து நிற்கின்றன என்றால், கருவி கர்சரைப் பின்தொடராமல் மறுபார்வைக் குறியைப் பின்தொடரும்படி அமைந்திருக்கலாம். கணினி தொடங்கும் கடவுச்சொல் திரையில் மட்டும் பிரெய்ல் வரவில்லை என்றால், என்விடிஏவின் பொது அமைப்புகளில் இப்போதைய அமைப்பை உள்நுழைவுத் திரைக்கும் பயன்படுத்தும் பொத்தானை ஒருமுறை அழுத்த வேண்டும். பார்வையுள்ள பெற்றோரோ ஆசிரியரோ உடன் இருந்தால் என்விடிஏவின் கருவிகள் மெனுவில் உள்ள பிரெய்ல் காட்டியைத் திறக்கச் சொல்லலாம். கருவிக்கு அனுப்பப்படும் புள்ளிகள் திரையில் தெரியும். திரையில் வந்து விரலுக்கு வராவிட்டால் பழுது கருவித் தேர்விலோ டிரைவரிலோ கேபிளிலோ கருவியிலோ. திரையிலும் வராவிட்டால் திரைவாசிப்பானில்.

பேச்சொலியைக் கேட்கக்கூடியவருக்கு இவையெல்லாம் அரை நாள் எரிச்சல். பார்வையும் செவியும் இல்லாதவருக்கு அப்படியல்ல. பிரெய்ல் வரி தட்டையானால் கணினி முழுவதுமே மூடிவிடுகிறது. எது போயிற்று என்று பார்க்கும் வழியும் சேர்ந்து போய்விடுகிறது. அத்தகையோர் வீட்டில் இரண்டாவது கேபிள், கணினி இல்லாமலேயே கைபேசியில் இணைத்துப் படிக்கும் ஏற்பாடு, மேற்சொன்ன படிகளைக் காகிதப் பிரெய்லில் அச்சிட்ட ஒரு தாள் ஆகியவை முன்கூட்டியே இருக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவருக்காவது அந்த நான்கு கண்ணிகளும் தெரிந்திருக்க வேண்டும்.

இணைப்பு அறுந்த அவசரத்தில் நேரும் இழப்பு சில சமயம் கருவியின் விலையையும் தாண்டும். இணையத்தில் டிரைவர் தேடுபவரைக் குறிவைத்தே போலிப் பதிவிறக்கத் தளங்கள் இருக்கின்றன. டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தும், என்விடிஏவை அதை உருவாக்கும் என்வி ஆக்சஸ் அமைப்பின் தளத்திலிருந்தும் மட்டுமே எடுக்க வேண்டும். தொலைவிலிருந்து சரிசெய்து தருவதாகச் சொல்லி எனிடெஸ்க் போன்ற செயலியை நிறுவச் சொல்லும் முன்பின் தெரியாதவரிடம் கணினியை ஒப்படைப்பது வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். திரையில் என்ன நடக்கிறது என்பது பிரெய்ல் இல்லாத நேரத்தில் உரிமையாளருக்கே தெரியாது என்பதால் ஆபத்து இரட்டிப்பு. 2025.1 பதிப்பு முதல் என்விடிஏவிலேயே தொலை அணுகல் வசதி இருக்கிறது. நம்பகமான நண்பருக்கு மட்டும் அதன் சாவியைத் தந்து, வங்கிப் பக்கங்களை மூடிவிட்டு, வேலை முடிந்ததும் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணில் சொல்ல வேண்டும். காவல்துறையில் புகார் தருவோர் கவனிக்க: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் 2022இல் உருவான ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்தின் எல்லைக்குள் வருகின்றன. வங்கிக்கும் அன்றே தெரிவிப்பது அவசியம். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் தானே ரகசியத் தகவலைக் கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும்வரையான இழப்பு அவருடையது; சொன்ன பிறகு நேரும் இழப்பு வங்கியுடையது.

கடைக்காரர் கணினியை ஃபார்மட் செய்ய ஆசைப்படுவார். அது பெரும்பாலும் தேவையற்றது. திரைவாசிப்பானும் அதன் அமைப்புகளும் அழிந்து, வீட்டுக்கு வரும் கணினி பேசாமலும் காட்டாமலும் இருக்கும். கருவியைப் பழுதுபார்க்க அனுப்பும்போது அதிலுள்ள மெமரி கார்டை எடுத்துவிட வேண்டும். குறிப்புகளும் கடவுச்சொற்களும் அதில்தான் இருக்கும்.

நான்கு கண்ணிகளையும் பார்த்தாயிற்று, பழுது கருவியில்தான் என்றால் கேள்வி பொறுப்பைப் பற்றியது. கருவி யாருடைய பணத்தில் வந்தது என்பதைப் பொறுத்து வழி மாறும்.

சொந்தப் பணத்தில் வாங்கியிருந்தால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். விற்றவர் டெல்லியிலோ மும்பையிலோ இருந்தாலும் வாங்கியவர் தாம் வசிக்கும் இடத்தின் மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். பழைய 1986 சட்டத்தில் இல்லாத இந்த வசதிதான் புறநகர்வாசிக்குப் பெரிய மாற்றம். 50 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருள் மாவட்ட ஆணையத்தின் வரம்புக்குள் அடங்கும், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. பழுதை நீக்கவும், மாற்றுக் கருவி தரவும், பணத்தைத் திருப்பவும், இழப்பீடு வழங்கவும் ஆணையம் உத்தரவிடலாம். வக்கீல் வைப்பது கட்டாயமில்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தால் பல நேரங்களில் விற்பனையாளர் அங்கேயே இறங்கிவருவார். முகவரியில் ஒரு சிக்கல் உண்டு: ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம், அம்பத்தூர் வட்டம் 2018இல் சென்னை மாவட்டத்துக்கு மாறிவிட்டது. பழைய அட்டைகளில் திருவள்ளூர் என்றே இருக்கலாம் என்பதால் மனு போடும் முன் எந்த ஆணையம் என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

அரசுத் திட்டத்தில் வந்த கருவியென்றால் முதல் கதவு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். மாணவருக்கு உரிமை இன்னும் தெளிவானது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள மாணவருக்கு 18 வயது வரை உதவிக் கருவிகளை இலவசமாகத் தருவதை அரசின் கடமையாக்குகிறது. ஓடாத கருவியை வைத்துக்கொண்டிருப்பது கருவி பெற்றதாகாது என்று வாதிட இடமிருக்கிறது. அரசு அலுவலக ஊழியருக்கு 20ஆம் பிரிவு நியாயமான வசதிகளைக் கோரும் உரிமை தருகிறது. மறுத்தால் 23ஆம் பிரிவின்படி நியமிக்கப்பட்ட குறைதீர் அலுவலரிடம் மனு தரலாம், அவர் இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் அதையொட்டிய ஐடி வளாகங்களிலும் வேலை செய்வோர் கவனிக்க வேண்டியது அந்தச் சட்டத்தின் 2017 விதிகள்: 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் வெளியிடும் சமவாய்ப்புக் கொள்கையில் உதவிக் கருவிகளுக்கான ஏற்பாடும் இடம்பெற வேண்டும். அந்தக் கொள்கையின் நகலைக் கேட்டு வாங்குவதே பாதி வேலை. வீட்டிலிருந்து வேலை பார்த்தாலும் நிறுவனம் தந்த கருவியின் பராமரிப்பு நிறுவனத்தின் தலையில்தான் நிற்க வேண்டும் என்று கோரலாம்.

எங்கும் பதில் வராவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார். சிவில் நீதிமன்றத்தின் சில அதிகாரங்களோடு விசாரிக்கக்கூடியவர் அவர். அவரது பரிந்துரைமேல் எடுத்த நடவடிக்கையைச் சம்பந்தப்பட்ட அலுவலகம் மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சட்ட உதவி வேண்டுவோர் 15100 என்ற எண்ணை அழைக்கலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பாராமல் இலவச வக்கீல் கிடைப்பார்.

இவை எல்லாவற்றுக்கும் தேவை காகிதம். ரசீது, உத்தரவாத அட்டை, கருவியின் வரிசை எண், இணைப்பு முதலில் அறுந்த தேதி, எந்தெந்தச் சோதனை செய்யப்பட்டது என்ற குறிப்பு, விற்பனையாளருக்கு எழுதிய மின்னஞ்சல்கள் ஆகியவற்றை ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும். என்விடிஏவில் இன்சர்ட், எஃப் 1 அழுத்தினால் திறக்கும் பதிவேட்டில் கருவியைத் தேடித் தோற்ற விவரம் வரிவரியாக இருக்கும். அதை அன்றே கோப்பாகச் சேமிக்கலாம். தொலைபேசியில் சொன்ன புகாரை மின்னஞ்சலிலும் ஒருமுறை அனுப்பிவிட வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரும் காலக்கெடு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள்.